கட்டளைக்கு முன்பே களஞ்சியம்: லினக்ஸில் மென்பொருள் நிறுவலின் வரலாறு

லினக்ஸில் ஒரு மென்பொருளை நிறுவ இன்று முனையத்தில் ஒரு வரி தட்டினால் போதும். இந்த எளிமைக்கான பெருமையைப் பலரும் 'ஆப்ட்' என்ற கருவிக்கே கொடுத்துவிடுகிறார்கள். 1990களில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அது பாதி உண்மைதான். கருவி கடைசியில் வந்தது. அது நம்பி இயங்குவதற்கான களஞ்சியமும், அங்கே சேரும் பொதி எப்படி இருக்கவேண்டும் என்ற விதிகளும் அதற்கு முன்பே உருவாகியிருந்தன.

1993இல் வெளிவந்த ஸ்லாக்வேர் என்ற லினக்ஸ் வழங்கலில் பொதி என்பது சுருக்கிக் கட்டிய கோப்பு மூட்டைதான். அதை வட்டில் விரித்துவிட்டால் வேலை முடிந்தது. உள்ளே இருப்பது ஓட வேறு என்ன தேவை என்பதைத் தேடிப் பிடிப்பது பயனரின் பாடு. அதே ஆண்டு இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் வழங்கலில் 'டிபிகேஜி' என்ற பொதிக் கருவி உருவானது. 1995இல் ரெட் ஹாட் நிறுவனத்தின் 'ஆர்பிஎம்' வந்தது. பொதியின் சார்புகளைப் பொதிக்குள்ளேயே எழுதிவைக்கும் முறை இவற்றோடு நிலைபெற்றது. ஆனால் இவை குறையைச் சொல்லுமே தவிர நிரப்பாது. இன்ன நூலகம் இல்லை என்று நிறுவல் பாதியில் நிற்கும். அதைத் தேடி எடுத்துவந்தால் அது இன்னொன்றைக் கேட்கும். ஆர்பிஎம் பயனர்கள் இதை நரகம் என்றே அழைத்தார்கள். ஒரே பெயரில், வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நூலகப் பதிப்புகளை வைத்துக் கட்டப்பட்ட பொதிகள் கலந்து புழங்கியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். டெபியனிலோ 1996 முதலே எழுத்தில் ஒரு கொள்கைக் கையேடு இருந்தது. எந்தக் கோப்பு எந்த அடைவில் இருக்கவேண்டும், நூலகப் பொதிக்கு எப்படிப் பெயரிடவேண்டும் என்பதுவரை அது வகுத்திருந்தது. 1999 மார்ச்சில் டெபியன் 2.1 ஆப்டுடன் வெளியானபோது, ஏறத்தாழ 2,250 பொதிகள் அந்த ஒழுங்கில் காத்திருந்தன.

சார்புகளைத் தானே கணக்கிட்டு, வலையிலிருந்து இறக்கி, சரியான வரிசையில் நிறுவியது ஆப்ட்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சார்புகளைக் கணக்கிடுவதை அதற்கு முந்திய 'டிசெலெக்ட்' ஓரளவு செய்துகொண்டுதான் இருந்தது. அதன் திரைகளில் சிக்கி வெறுத்தவர்கள் ஏராளம் என்பது வேறு கதை. இதைவிட வலுவான சான்று பிரேசிலில் இருக்கிறது. அங்குள்ள கனெக்டிவா நிறுவனம் 2000 வாக்கில் ஆப்டை ஆர்பிஎம் பொதிகளுக்குப் பொருத்தியது. தானே கட்டிப் பராமரித்த ஒரே சீரான களஞ்சியம் பின்னால் இருந்ததால் அங்கும் அது நன்றாக ஓடியது. ட்யூக் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த 'யம்' என்ற அதேபோன்ற கருவி பிறகு ரெட் ஹாட் குடும்பத்தில் பரவியதும் களஞ்சியங்களை நம்பித்தான். குற்றம் ஆர்பிஎம் வடிவத்தில் இல்லை என்பது இதிலிருந்து புலப்படுகிறது.

ஸ்னாப், ஃபிளாட்பேக் போன்றவை செயலியோடு அதற்கு வேண்டிய நூலகங்களையும் சேர்த்துக் கட்டித் தருகின்றனவே, இனி பொதுக் களஞ்சியம் எதற்கு என்பது இன்றைய ஆட்சேபம். இதற்குப் பதில் பழைய அனுபவம் ஒன்றில் இருக்கிறது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகப் பொதி ஒன்றைப் புதுப்பித்து, அதைப் பயன்படுத்தும் சேவைகளை மறுபடி தொடக்கினால் போதுமாக இருந்தது. தனித்தனி நகலை உள்ளே வைத்திருந்த மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் திருத்தவேண்டியிருந்தது. எனினும் எல்லாரும் ஒரே வாசலை நம்புவதில் ஆபத்து இல்லாமல் இல்லை. 2024இல் 'எக்ஸ்இசட்' என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்துவைத்த பின்கதவு டெபியனின் சோதனைக் கிளை வரை வந்துவிட்டது. நிலையான வெளியீட்டுக்குள் அது நுழையவில்லை. எஸ்எஸ்எச் வழியான தொலைநுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்ததால்தான் அது அம்பலமானது. களஞ்சியத்தின் விதிகள் அதைப் பிடிக்கவில்லை. படிப்படியாக ஏற்றும் வழக்கத்தால் நிலையான கிளையை அடையவிடாமல் தாமதப்படுத்தின, அவ்வளவுதான்.