குர்ட் ஷ்டூடென்ட்டும் ஜெர்மனியின் வான்குடைப் படையும்

வீரர்களை வான்குடையிலும், இயந்திரமின்றிக் காற்றில் சறுக்கி இறங்கும் கிளைடர் விமானங்களிலும் எதிரி அணிகளுக்குப் பின்னால் இறக்கிப் போரிடும் முறையை இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு ஒரு தனிப் படையின் தொழிலாக வளர்த்தெடுத்தவர்களுள் ஜெர்மானியத் தளபதி குர்ட் ஷ்டூடென்ட் முதன்மையானவர். அம்முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. 1935இல் கீவ் நகருக்கு அருகே நடந்த போர்ப் பயிற்சியில் பெருந்திரளான வீரர்களை வானிலிருந்து குதிக்கச் செய்து உலகுக்குக் காட்டியது சோவியத் படையே. ஆயினும் அதைப் போர்க்களத்தில் துணிந்து பயன்படுத்தி, அதன் ஆற்றலையும் எல்லையையும் ஒரே ஆண்டு இடைவெளியில் வெளிப்படுத்தியது ஷ்டூடென்ட்டின் படைதான்.

பிராண்டன்பர்க் மாகாணத்தில் 1890 மே 12 அன்று பிறந்த அவர், காலாட்படை அதிகாரியாகத் தொடங்கி, 1913இல் விமானம் ஓட்டக் கற்று, முதல் உலகப் போரில் சண்டை விமானப் பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கினார். வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனிக்கு விமானப்படையே இருக்கக் கூடாது என்று தடுத்திருந்த ஆண்டுகளில், தடைக்கு உட்படாத கிளைடர் பறத்தலில் அவர் ஈடுபாடு கொண்டார். பிற்காலத்தில் அவருடைய போர்முறைக்குத் தனித்தன்மை தந்தது அந்த ஈடுபாடே எனலாம். 1938இல் 7ஆம் வான் டிவிஷனை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இப்படை தரைப்படையின் கீழ் இல்லாமல் லுஃப்ட்வாஃபே எனப்பட்ட விமானப்படையின் கீழ் இருந்ததால், அதன் தலைவர் கோரிங்கின் ஆதரவு ஷ்டூடென்ட்டுக்குக் கிடைத்தது.

1940 மே 10 அன்று அப்படையின் திறம் வெளிப்பட்டது. பெல்ஜியத்தின் ஆல்பர்ட் கால்வாயைக் காத்து நின்ற எபென்-எமேல் கோட்டையின் கூரைமீது, ஏறத்தாழ 80 வீரர்கள் விடியற்காலையில் கிளைடர்களில் ஓசையின்றி இறங்கினர். வெடியின் விசையை ஒரே முனையில் குவித்து எஃகையும் துளைக்கும் குழிவெடிகளைக் கொண்டு பீரங்கிக் கூண்டுகளைச் செயலிழக்கச் செய்தனர். பன்மடங்கு காவற்படையைக் கொண்டிருந்த கோட்டை மறுநாள் சரணடைந்தது. மே 10 அன்றே நெதர்லாந்தின் மூர்டைக், டார்ட்ரெக்ட், ராட்டர்டாம் பாலங்களையும் ஷ்டூடென்ட்டின் வீரர்கள் கைப்பற்றினர். மே 14 அன்று, ராட்டர்டாம் சரணடைந்த வேளையில் ஜெர்மானியத் துருப்புகளே சுட்ட தோட்டா அவர் தலையில் பாய்ந்தது. டச்சு மருத்துவர் ஒருவரின் அறுவை சிகிச்சையால்தான் அவர் பிழைத்தார்.

குணமடைந்து திரும்பியவர் 11ஆம் வான் படைக்குழுவின் தளபதியாகி, கிரேக்கத்தின் கிரீட் தீவை வானிலிருந்தே கைப்பற்றும் திட்டத்தை ஹிட்லரை ஏற்கச் செய்தார். திட்டத்தின் அடிப்படையிலேயே பிழை இருந்தது. தீவில் ஏறத்தாழ 5,000 துருப்புகளே உள்ளன என்றும், மக்கள் ஜெர்மானியரை எதிர்க்க மாட்டார்கள் என்றும் உளவுத்துறை கணித்திருந்தது. உண்மையில் நியூசிலாந்துத் தளபதி ஃபிரைபெர்க்கின் கீழ் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, கிரேக்க வீரர்கள் ஏறத்தாழ 40,000 பேர் இருந்தனர். ஜெர்மானிய ரகசியச் செய்திகளைப் பிரிட்டிஷார் உடைத்துப் படித்ததால் தாக்குதல் வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1941 மே 20 காலையில் குதித்தவர்கள் பலர் காற்றில் தொங்கிய நிலையிலேயே சுடப்பட்டனர். ஜெர்மானிய வான்குடையின் கயிறுகள் முதுகுப்புறத்தில் ஒரே இடத்தில் இணைந்திருந்தமையால், இறங்கும் திசையை வீரரால் திருப்ப முடியவில்லை. துப்பாக்கிகள் தனிப் பெட்டிகளில் வீசப்பட்டமையால், பெட்டியைத் தேடிச் சேரும்வரை பெரும்பாலோர் கைத்துப்பாக்கியையும் கைக்குண்டுகளையுமே நம்பியிருந்தனர். மாலைக்குள் நான்கு இலக்குகளில் ஒன்றுகூடக் கைவசமாகவில்லை.

தோல்வியிலிருந்து ஷ்டூடென்ட்டைக் காத்தது அவருடைய திட்டத்தைவிட எதிர்த்தரப்பின் தடுமாற்றமே என்பது பொருந்தும். மலெமே விமானதளத்தை மேலிருந்து ஆண்ட 107ஆம் குன்றை, தொடர்பு அறுந்த நியூசிலாந்துப் படைப்பிரிவு அன்றிரவு கைவிட்டுச் சென்றது. மறுநாள் எஞ்சிய வலிமையையெல்லாம் மலெமேயிலேயே குவிக்க ஏதென்ஸிலிருந்து ஆணையிட்ட ஷ்டூடென்ட், குண்டுமழைக்கிடையே ஓடுதளத்தில் போக்குவரத்து விமானங்களை இறக்கி மலைப்படையை அனுப்பினார். இம்முடிவில் அவருடைய துணிவைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஜூன் 1க்குள் தீவு வீழ்ந்தது; ஜெர்மானியரில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். வான்குடை வீரரின் காலம் முடிந்துவிட்டது என்று ஹிட்லர் அவரிடமே கூறினார். மால்டாவைக் கைப்பற்ற 1942இல் வகுக்கப்பட்ட திட்டமும் கைவிடப்பட்டது. அதே கிரீட்டைக் கண்ட பிரிட்டனும் அமெரிக்காவும் நேர்மாறான முடிவுக்கு வந்து, தம் வான்குடைப் படைகளை டிவிஷன்களாகப் பெருக்கின.

மக்களைப் பற்றிய தவறான கணிப்பின் விளைவு போர்க்களத்தோடு நிற்கவில்லை. வேட்டைத் துப்பாக்கி, அரிவாள் முதலிய கையிற் கிடைத்த கருவிகளோடு கிராமத்தார் எதிர்த்ததைச் சட்டவிரோதச் செயலாகக் கருதிய ஷ்டூடென்ட், மே 31 அன்று பழிவாங்கும் நடவடிக்கைகளுக்கு ஆணையிட்டார். ஜூன் 2 அன்று கொண்டொமரியில் ஆண்கள் வரிசையாகச் சுட்டுக் கொல்லப்பட்டனர்; மறுநாள் கண்டனோஸ் கிராமம் தரைமட்டமாக்கப்பட்டது. போர் வரலாறுகள் சில இவரை வெறும் போர்க்கலை வல்லுநராகவே சித்திரிக்கின்றன. ஆணையிட்டவரைப் படைத்தலைவரிடமிருந்து பிரித்துப் பார்க்கும் அந்த வழக்கம் சான்றுகளுக்கு ஒவ்வாதது.

பின்னர் வான்குடை வீரர்கள் பெரும்பாலும் காலாட்படையாகவே ரஷ்யாவிலும் இத்தாலியிலும் போரிட்டனர். 1943 செப்டம்பரில் முசோலினியைக் கிரான் சாசோ மலையிலிருந்து மீட்ட கிளைடர் நடவடிக்கை ஷ்டூடென்ட்டின் பொறுப்பில் நடந்தது. ஆனால் அதன் புகழைப் பெற்றவர் எஸ்எஸ் அதிகாரி ஸ்கோர்செனி. ஓராண்டு கழித்து நெதர்லாந்தில் முதலாம் வான்குடைச் சேனைக்குத் தலைமை தாங்கியபோது, நேசநாடுகளின் மார்க்கெட் கார்டன் வான்படை தம் தலைமையகத்தின் மேலாகப் பறந்து செல்வதை அவர் கண்டார். வீழ்ந்த கிளைடர் ஒன்றில் கிடைத்த ஆவணங்களால் அத்தாக்குதலின் திட்டமும் அவர் கைக்கு வந்தது.

1946 மே மாதம் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்தது. குற்றச்சாட்டுகள் கிரீட்டில் பிடிபட்ட போர்க்கைதிகள் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றியவை. கிராமங்கள் அவற்றுள் இடம்பெறவில்லை. மூன்று குற்றங்களுக்காக ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது, ஆனால் தீர்ப்பை மேலதிகாரி உறுதிசெய்யவில்லை. அவரை ஒப்படைக்குமாறு கிரேக்கம் விடுத்த கோரிக்கையும் மறுக்கப்பட்டது. கிரீட்டில் அவருக்குக் கீழ்ப் போரிட்டுப் பின்னர் அத்தீவை நிர்வகித்த புரூனோ பிராயரை கிரேக்கம் 1947 மே 20 அன்று, படையெடுப்பின் ஆறாம் ஆண்டு நாளில், ஏதென்ஸில் சுட்டு மரண தண்டனைக்கு உள்ளாக்கியது. ஷ்டூடென்ட் 1948இல் விடுவிக்கப்பட்டு, 1978 ஜூலை 1 அன்று லெம்கோ நகரில் இறந்தார்.