தடித்த எழுத்தும் காணாமல் போன கோடும்



போன தவணை நாங்கள் ஓர் ஆங்கில வினாத்தாள் தயாரித்தோம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று 'போடோனி' என்ற எழுத்துருவில் டைப் செய்து, போட்டோ கொப்பி அடித்துக் கொடுத்தோம். 'ஈட்' என்ற சொல்லுக்கு ஒரு மாணவி 'பூனை' என்று கருத்து எழுதியிருந்தார். பிழை போட்டோம். "டீச்சர், தாள்ல அப்படித்தானே இருக்கு" என்று கொண்டுவந்து காட்டினார். உண்மைதான். 'ஈ' எழுத்தின் நடுக்கோடு கொப்பியில் விழவில்லை. மிஞ்சியது 'சீ'. 'ஈட்' என்பது 'கெட்' ஆகிவிட்டது.

அந்தக் கோடு ஏன் அவ்வளவு மெல்லியது என்று தேடிப் படித்தோம்.

ஜம்பாட்டிஸ்டா போடோனி 1740இல் பிறந்த இத்தாலியர். 1768இலிருந்து பார்மா நகரின் அரச அச்சகத்தை நடத்தினார். அந்தக் காலத்தில் வழவழப்பான தாளும் நல்ல கறுப்பு மையும் கிடைக்கத் தொடங்கியிருந்தன. அதனால் மயிரிழை போன்ற கோட்டையும் அச்சில் காட்ட முடிந்தது. நிமிர்ந்த கோடுகளைத் தடிப்பாகவும், குறுக்குக் கோடுகளையும் எழுத்தின் முனைக் கோடுகளையும் மிக மெல்லியதாகவும் அமைத்தார். 1813இல் அவர் மறைந்தார். அவருடைய எழுத்து மாதிரிகளின் பெருந்தொகுப்பை 1818இல் மனைவி மார்கரிட்டாதான் இரண்டு பாகங்களாக வெளியிட்டார்.

அதே காலத்தில் லண்டன் வியாபாரிகளுக்கு வேறு தேவை இருந்தது. தெருவில் போகிறவரை நிறுத்த வேண்டும். ரொபர்ட் தோர்ன் போன்ற அச்செழுத்து வார்ப்பவர்கள் தடித்த கோட்டை இன்னும் கொழுக்க வைத்தார்கள். மெல்லிய கோட்டை அப்படியே விட்டார்கள். 'கொழுத்த முகம்' என்றே அதற்குப் பெயர். லொத்தர் விளம்பரங்கள், நாடக நோட்டீஸ்கள் எல்லாம் அந்த எழுத்தில் வந்தன. 1820இல் தோர்ன் இறந்ததும் அவருடைய வார்ப்பகத்தை வில்லியம் தொரோகுட் வாங்கினார். லொத்தரில் விழுந்த பணத்தில்தான் வாங்கினார் என்று சொல்வார்கள்! பிரித்தானிய அரச லொத்தர் 1826இல் நின்றது. எழுத்து மட்டும் நிற்கவில்லை. இன்றும் பெஷன் சஞ்சிகைகளின் தலைப்புகளில் இந்தக் குடும்பத்து எழுத்துகளைப் பார்க்கலாம்.

எங்கள் பிழை எங்கே என்பது அதற்குப் பிறகுதான் விளங்கியது. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாகச் செதுக்கினார்கள். சிறிய எழுத்தில் மெல்லிய கோட்டைக் கொஞ்சம் உரமாகவே வைப்பார்கள். கம்ப்யூட்டரில் பெரும்பாலும் ஒரே வடிவத்தையே சுருக்குகிறோம். கோடும் சேர்ந்து சுருங்குகிறது. மங்கலான கொப்பி இயந்திரம் மிச்சத்தையும் தின்றுவிடுகிறது.

ஆகவே பெனருக்கும் தலைப்புக்கும் இந்த எழுத்து நல்லது. பிள்ளைகள் வாசிக்கும் தாளுக்கும், வயதானவர்கள் வாசிக்கும் நோட்டீஸுக்கும் கோடு ஒரே சீராக உள்ள எழுத்தையே போடுவோம். போட்டோ கொப்பி எடுத்து, ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்போம்.

அந்த மாணவிக்குப் புள்ளியைத் திருப்பிக் கொடுத்தோம். பிழை எங்களுடையது என்று வகுப்பிலும் சொன்னோம். இதற்கு முன் இப்படி எத்தனை பிள்ளைகளின் புள்ளியைக் குறைத்தோமோ, அல்லாஹ்தான் அறிவான்.