ஊவா மலைகளிற் பாலை: கச்சான் மாதங்களின் மனத்துயர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அக ஒழுக்கங்களை வகுக்கப் புகுந்த தொல்காப்பியர் அவற்றுக்கு முதலாக நிலத்தையும் பொழுதையும் வைத்தார். உள்ளத்தில் எழும் உணர்ச்சி இடமும் காலமும் அற்ற வெளியிலே தோன்றுவதில்லை என்பது பழந்தமிழர் கொள்கை. கார்காலம் முல்லைக்கும் கூதிர்காலம் குறிஞ்சிக்கும் உரியனவாக, வேனிற்காலம் பிரிவுத்துயரைப் பேசும் பாலைக்கு உரியதாயிற்று. பாலைக்கெனத் தனிநிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெடும்போது கொள்ளும் கோலமே பாலை என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். இதனை வகுப்பிலே கற்பிக்கும் ஆசிரியர் பலர், குறிஞ்சி பாலையாகும் காட்சியை ஏட்டிலன்றி நாட்டிற் கண்டிலர். பதுளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர்க்கோ அஃது ஆண்டுதோறும் வந்துபோகும் காட்சி. அம்மாதங்களில் அம்மக்களிடையே ஒருவகை மனச்சோர்வும் ஏக்கமும் பரவுவதை அங்குப் பணியாற்றிய எவரும் கண்டிருப்பர். அதனை வெயிலின் குற்றமென்று சிலரும், மக்களின் சோம்பலென்று சிலரும் கூறுவர். இரண்டும் போதிய விளக்கங்கள் அல்ல. அச்சோர்வுக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிலத்தை நோக்குவோம். யூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையாகப் பெய்கின்றது. அட்டனும் கினிகத்தேனையும் நனைந்து கிடக்கும் அந்நாள்களில், மலைமுகட்டைத் தாண்டிய காற்று ஈரத்தை இழந்து, கிழக்கே ஊவாவை நோக்கி இறங்குகின்றது. ஈரமற்ற காற்று 1,000 மீற்றர் இறங்கும்போது ஏறத்தாழ 10 பாகை செல்சியசு வெப்பம் ஏறும் என்பது வளியியல் விதி. ஐரோப்பாவில் அல்ப்ஸ் மலைச் சரிவுகளில் வீசும் போன் காற்றும் இவ்வகையினதே. இவ்வேறுபாட்டை அறியப் பெருநூல்களைக் கற்க வேண்டியதில்லை. பதுளைப் புகையிரதத்தில் ஒருமுறை பயணஞ் செய்தாற் போதும். பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தில் மழையோடும் மூடுபனியோடும் புகும் வண்டி, மறுவாயிலில் வெயிலிலே வெளிப்படுவதைப் பயணிகள் பலமுறை கண்டு வியந்துள்ளனர்.

இக்காற்றைக் கச்சான் என்பது கிழக்கிலங்கை வழக்கு. தென்மேற்குக் காற்றைச் சோழகம் என்பார் யாழ்ப்பாணத்தார். அங்கு அது கடலோடிகளும் உழவரும் கணக்கிட்டு வைத்த காற்று. ஊவாவிலோ அதனாற் பயன்கொள்வோர் ஒருவர், அல்லற்படுவோர் வேறொருவர். வெலிமடைப் பக்கத்துப் பத்தனை எனப்படும் புல்வெளிகள் பொன்னிறமாகிப் பின் தீப்பற்றிக் கருகும். லயங்களுக்கு நீர் தரும் பீலிகள் நூலாய் ஒழுகும். இரவிலே தகரக்கூரைகள் ஓயாது அடித்துக்கொள்ளும். முதுவேனில் ஆனியும் ஆடியும் எனப் பழைய இலக்கணம் கூறுவது, சித்திரை வைகாசியிலே கத்திரி வெயில் காயும் தமிழ்நாட்டைக் காட்டிலும் ஊவாவுக்கு நன்கு பொருந்துகின்றது என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஊவா மலைகளில் முதலில் ஓங்கிய பெருந்தோட்டப் பயிர் கோப்பி. கோப்பித் தோட்டத்தின் பெருவேலை அறுவடைப் பருவத்துக்கு உரியது. தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியாகக் காடு கடந்து நடந்துவந்த தொழிலாளர், வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலரைப் பறிகொடுத்தனர். எஞ்சியோர் பழம் பறித்து முடிந்ததும் பெருந்தொகையினராய் ஊர் திரும்பினர். அவர்தம் வாழ்வு கொடியதே. ஆயினும் வேலையற்ற மாதங்களை மலைமீதிருந்து கழிக்கும் நிலை அவருட் பலருக்கு இருக்கவில்லை. திரும்பிச் செல்லச் சொந்த ஊர் ஒன்று இருந்தது.

1869 ஆம் ஆண்டு அவ்வொழுங்கு குலையத் தொடங்கியது. கோப்பி இலையில் மஞ்சட்பொடி படிந்தாற்போன்று தோன்றும் நோய் இலங்கையில் முதன்முதல் நோக்கப்பட்டது ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமையிலேயாம். அந்நோயின் வித்திகள் காற்றினாற் பரவுவன. பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் வீழ்ந்தது, தோட்டங்கள் கைமாறின, தேயிலை நடப்பட்டது. 1890 இல் தோமசு லிப்டன் அப்புத்தளைக்கு அணித்தாயுள்ள தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893 இல் அப்புத்தளைக்கும் 1894 இல் பண்டாரவளைக்கும் வந்த இருப்புப்பாதை 1924 இல் பதுளையை எட்டியது.

கோப்பி தேயிலையானது பயிர் மாற்றம் மாத்திரமன்று. தொழிலாளரின் காலக்கணக்கே மாறியது. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆதலின் ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். குடும்பமாகவே வேண்டும், பறிப்போர் பெண்கள் ஆதலின். இவ்வாறு வந்தோர் லயங்களில் நிலையாகத் தங்கினர். அவருள் முன்னோர் பலர் 1876 இல் தொடங்கிய தாதுவருடப் பஞ்சத்துக்கு அஞ்சிக் கடல் கடந்தவர்கள் என்பதை மறத்தலாகாது. மழை பொய்த்தால் என்ன நேரும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அத்தகையோரே இப்போது வறண்ட மாதங்களை மலையிலிருந்தே கழிக்க வேண்டியவராயினர்.

அம்மாதங்களில் நிகழ்வது யாது? வறண்ட காற்றாலும் குளிர்ந்த இரவுகளாலும் தேயிலைச்செடி வளர்ச்சி குன்றுகின்றது. தளிர் மெல்ல விடுகின்றது. அவ்வாறு விடும் தளிரிலேதான் உலகம் போற்றும் ஊவா மணம் அமைகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரையிலான தேயிலைக்குக் கொழும்பு ஏலத்திலே தனிமதிப்பு உண்டு. தரம் உயரும் அதே நாள்களில் கொழுந்தின் அளவு குறைகின்றது. ஏலத்தில் விலையை உயர்த்தும் காற்றே தொழிலாளியின் கூடையை வெறுமையாக்குகின்றது. இத்துணை வெளிப்படையான முரணை நம் வரலாற்று நூலாசிரியர் பெரிதும் கவனியாது விட்டமை வியப்பே.

கூடை நிறையாவிடின் முழுப்பேர் விழாது, அரைப்பேர் விழும். அரைப்பேர் என்பது அரைநாட் கூலி. சில நாள்களில் பிரட்டுக்களத்துக்குச் சென்றவர் வேலையின்றித் திரும்பவும் நேரும். கூலி குறைந்தால் கடன் மிகும். பெரியகங்காணியின் கணக்கிலே கடன் ஏறியவர் தோட்டம் மாறிச் செல்ல வேண்டின், அக்கடனைக் குறித்த துண்டு வேண்டும். புதிய தோட்டம் கடனை ஏற்க வேண்டும். துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலியை விதிக்க வழிசெய்தது. இவை பெருநன்மைகளே. ஆனால், அச்சட்டம் ஒருநாட் கூலியை வரையறுத்ததேயன்றி, மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்னும் கவலையைத் தீர்க்கவில்லை. அண்மைக் காலத்திலும், 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, தொழிலாளர் கேட்ட முதற்கேள்வி நாள்களைப் பற்றியும் பறிக்க வேண்டிய கிலோவைப் பற்றியுமே அமைந்தது. நூற்றாண்டு கடந்தும் ஆடிமாதத்துக் கணக்கு அதே கணக்கு.

யான் தோட்டப் பாடசாலையொன்றிற் கற்பித்த ஆண்டுகளில், இக்கணக்கை மாணவரின் மதிய உணவுப் பொதியிற் கண்டேன். ஆனி முடிவில் ரொட்டி ஒன்றாகும். ஆடியில் பொதியே இல்லாது வருவர் சிலர். அவர்கள் பின்வரிசையில் அமர்ந்து சாளரத்தையே நோக்கியிருப்பர். கவனமில்லையென அவர்களைக் கடிந்தவருள் யானும் ஒருவன் என்பதை நாணத்தோடு ஒப்புகின்றேன்.

பருவத்தோடு வந்துபோகும் மனச்சோர்வை மேனாட்டு மருத்துவ அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவகத்தைச் சேர்ந்த நோர்மன் ரோசந்தாலும் அவர்தம் குழுவினரும் 1984 இல் மாரிகாலச் சோர்வை விவரித்தனர். 1987 இல் தோமசு வேர் முதலியோர் கோடையில் வரும் மற்றொரு வகையை எடுத்துரைத்தனர். மாரிச்சோர்வுடையோர் மிக உறங்குவர், மிக உண்பர்; கோடைச் சோர்வுடையோர்க்கோ உறக்கமும் பசியும் குன்றும், அமைதியின்மை மிகும். பாலைத்தலைவியின் இயல்பாகப் புலவர் கூறுவனவும் இவையே அன்றோ! உடலின் இயல்பு பற்றிய இவ்வாராய்ச்சிகளை யாம் குறைத்து மதிப்பிடவில்லை. வெப்பமும் உறக்கமற்ற இரவும் எவரையும் வாட்டும். ஆயினும், அதே கச்சான் வீசும் அதே மலையில், நிலையான மாதச்சம்பளம் பெறுவோனின் வாட்டமும் அரைப்பேர் விழுந்தவளின் வாட்டமும் ஒன்றாகா.

அம்மக்கள் இத்துயருக்கு மருந்து காணாதிருக்கவில்லை. ஆடித்திருவிழாக் காணும் கதிர்காமம் இதே ஊவா மாகாணத்தின் தென்கோடியில் உள்ளது. வேலை குன்றிய நாள்களிலே விரதம் பூண்டு, காவடி சுமந்து, மலையிறங்கிச் சென்ற தோட்டத்து அடியார் பலர். கையிற் காசில்லாத மாதத்தில் கால்நடையாகச் செல்லும் தெய்வத்தலம் ஒன்று இருந்தமை பேறே. லயத்தின் தனிமையிலே தனக்குள் குமைந்தவன் ஆயிரம் பேரோடு அரோகரா என்று கூவியபோது நெஞ்சின் பாரம் சிறிது இறங்கியிருக்க வேண்டும். மழையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட மாரியம்மன் தோட்டந்தோறும் கோயில் கொண்டிருப்பதற்கும் விளக்கம் வேண்டியதில்லை.

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்பின் இத்துயரோடு வேறொன்று சேர்ந்தது. நாடற்றவராக்கப்பட்டோரை 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா - சாத்திரி ஒப்பந்தம் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவர். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியராயினர். பாலையின் உரிப்பொருளாகிய பிரிதல் ஊவாவின் புகையிரத நிலையங்களில் நாள்தோறும் நிகழ்ந்தது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது தோட்டங்களில் மரணங்கள் மிகுந்தன. தோட்டத்து முதியோர் அந்நாள்களை மாவுக்கு வரிசையில் நின்ற காலம் என்றே குறிப்பிடுவர்.

அதன்பின் அச்சம் வந்தது. 1977 ஆகஸ்டில் மூண்ட வன்செயல் மலையகத் தோட்டங்களையும் தாக்க, பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் ஓடிக் குடியேறின. 1983 யூலை 24 இரவு கொழும்பில் தொடங்கிய தீ பதுளையை அடைந்தது 27 ஆம் நாள். அன்று முற்பகல் மணிக்கூட்டுக் கோபுரத்தருகே தமிழர் ஒருவரின் மோட்டார்ச் சைக்கிளுக்குத் தீ வைக்கப்பட்டது. நண்பகலளவில் கடைகள் எரிந்தன. பின்னர் வீடுகள் எரிந்தன. கூட்டத்தினர் அங்கிருந்து வாகனங்களில் ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை ஆகிய இடங்களுக்குச் சென்றனர். இரவுக்குள் வன்செயல் லுணுகலைக்கும் பரவியது. நண்பகலும் வேனிலும் பாலைக்குரிய பொழுதுகள் என்பதை இவ்விடத்து நினைக்கும்போது இலக்கணமும் கசக்கின்றது.

இரு வன்செயல்களும் கச்சான் வீசும் மாதங்களிலே நிகழ்ந்தமை தற்செயலே. ஆயினும் அச்சம் தருக்கத்தைக் கேட்டு வருவதில்லை. தகரம் அடித்துக்கொள்ளும் ஓசையும், பத்தனை எரியும் புகைமணமும், இரவிலே தொலைவில் கேட்கும் வாகன இரைச்சலும் அக்காலத்தைக் கண்டோர்க்கு வேறு பொருள் தருவன. மழை மாதங்களுக்குரிய அச்சம் மற்றொன்று. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்கள் புதைந்த கதை தனிக்கட்டுரை வேண்டுவது.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் யான் அறிந்த மூதாட்டி ஒருவர் உளர். பேரப்பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்கின்றனர். எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கிய 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அவரது உரிமை பற்றி எவரும் வினாவியதில்லை. ஆடி பிறந்ததும் அவர் குடும்பத்தாரின் பிறப்புச் சான்றிதழ்களையும் அடையாள அட்டைப் பிரதிகளையும் பழைய சேலைத்துணியிற் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். ஏன் அம்மாச்சி என்று கேட்டால், காற்றுக்காலம் ஐயா என்பார், வேறொன்றும் சொல்லார். ஐப்பசி மழை தொடங்கியபின் அம்மூட்டையை எடுத்து மறுபடியும் பெட்டிக்குள் வைப்பார்.