தோட்டத்துக் காணொளி வடிவமாற்றம் (நெகிரி செம்பிலான்)

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வீடியோ காசெட்டிலும் விசிடியிலும் பதிவான கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளி விழாக் காட்சிகளை எடிட்டிங் மென்பொருளின் துணையோடு கணினிக் கோப்புகளாக மாற்றும் வேலை. லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நீலாய்ப் பக்கம் தோட்ட நிலம் வீடமைப்புப் பகுதியானது. இடிபட்ட லயத்து வீடுகளையும் இடம் மாறிய கோயிலையும் இன்று பார்க்க வேண்டுமென்றால் பல குடும்பங்களுக்குப் பழைய காசெட்தான் வழி.

இந்தக் காசெட்டுகளின் விஎச்எஸ் (VHS) முறையை ஜேவிசி நிறுவனம் 1976-இல் வெளியிட்டது. கடைசியாக விஎச்எஸ் கருவி தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் 2016-இல் நிறுத்திக்கொண்டது. ஆகவே ஓடும் நிலையிலுள்ள பழைய டெக் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே முதல் வேலை. மலேசிய ஈரப்பதத்தில் நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் ஓட்டினால் டெக்கின் தலையும் கெடும், அடுத்துப் போடும் காசெட்டிலும் பூஞ்சை ஒட்டும்.

மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, இலங்கை எல்லாம் பால் (PAL) என்னும் காணொளி முறையைப் பின்பற்றிய நாடுகள்: 625 வரி, நொடிக்கு 25 பிரேம். அதனால் தமிழ்நாட்டு உறவினர் அனுப்பிய கல்யாணக் காசெட் இங்கே தடையின்றி ஓடியது. கனடாவிலிருந்து வந்தது மட்டும் என்டிஎஸ்சி (NTSC) முறை. 525 வரி, 29.97 பிரேம். அதை 25-க்கு இழுத்து மாற்றுவதைவிட அப்படியே வைத்துக்கொள்வது நல்லது. இன்றைய கணினிக்கு இரண்டும் ஒன்றுதான்.

தவறு அதிகம் நடக்கும் இடம் பின்னல்வரி (interlacing). பால் முறையில் ஒவ்வொரு பிரேமும் இரண்டு பீல்டுகளாக, ஒற்றை வரிகள் ஒரு முறையும் இரட்டை வரிகள் ஒரு முறையுமாக, பதிவாகிறது. நொடிக்கு 50 பீல்டு. தீமிதிக் காட்சியைக் கணினித் திரையில் நிறுத்திப் பாருங்கள்: பூக்குழியில் ஓடுபவரின் கால் சீப்புப் பல்லாகப் பிளந்து தெரியும். ஒரு பீல்டைத் தூக்கி எறிந்தால் சீப்புப் பல் போய்விடும், கூடவே பாதி அசைவும் போய்விடும். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருளின் யாடிஃப் வடிகட்டியில் பீல்டுக்கு ஒரு பிரேம் என்று அமைத்தாலோ, ஹேண்ட்பிரேக்கில் பாப் முறையைத் தேர்ந்தாலோ நொடிக்கு 50 பிரேம் கிடைக்கும். ஓட்டம் ஓட்டமாகவே இருக்கும். பீல்டு வரிசையைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டால் ஆள் முன்னும் பின்னும் துள்ளுவார். மினிடிவி (MiniDV) என்னும் சிறு டிஜிட்டல் நாடாவில் கீழ் பீல்டு முதலில் வரும். விஎச்எஸ்ஸைப் பதிவுக் கருவி வழியே ஏற்றும்போது பெரும்பாலும் மேல் பீல்டு.

படத்தின் அளவு 720×576. ஆனால் அதன் புள்ளிகள் சதுரமல்ல. 768×576 என்று மாற்றாவிட்டால் மணப்பெண் ஒல்லியாகிறாள். அகலத்திரைக்கு இழுத்தால் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுகிறாள். பின்னதைத்தான் கல்யாண வீடியோக்களில் அடிக்கடி காண்கிறோம்.

விசிடி கதை வேறு. 352×288 அளவில், நொடிக்கு ஏறத்தாழ 1.15 மெகாபிட்டுக்குள் எம்பெக்-1 முறையில் இறுக்கிய படம் அது. தீக்கொழுந்தும் தெறிக்கும் மஞ்சள் தண்ணீரும் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். எந்த மென்பொருளும் அதை மீட்காது. மூலக் காசெட் இன்னும் அலமாரியில் இருந்தால் விசிடியை விட்டுவிட்டு அதிலிருந்தே தொடங்க வேண்டும்.

மினிடிவி நாடாவை ஃபயர்வயர் கம்பி வழியே அப்படியே இறக்கலாம். மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி பிடிக்கும். இந்தக் கோப்பை மூலமாக வைத்துக்கொண்டு, வாட்ஸாப்பில் அனுப்ப எச்.264 நகல் ஒன்றைத் தனியே எடுப்பதே முறை. படம் பிடித்த நாளும் மணியும் இந்த மினிடிவி கோப்புக்குள் மறைந்திருக்கும். எம்பி4 நகலில் அது பெரும்பாலும் உதிர்ந்துவிடும் என்பதால், தோட்டம், டிவிஷன், திருவிழா, ஆண்டு நான்கையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுகிறார்கள்.