கொல்கத்தா சாக்கடை ஏன் ஆற்றுக்குப் போவதில்லை?

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. மேற்கே அவ்வளவு பெரிய ஹூக்ளி ஆறு, ஆனால் ஊர்ச் சாக்கடை கிழக்கே ஓடுகிறது! காரணம் நிலத்தின் வாட்டம்தான். ஆற்றங்கரை மேடு, கிழக்குப் பக்கம் பள்ளம்.

வெள்ளைக்காரர்கள் அந்த வாட்டத்தைப் பார்த்துக் கால்வாய் வெட்டி, கழிவை வித்யாதரி ஆற்றில் விட்டார்கள். வித்யாதரி வண்டல் சேர்ந்து தூர்ந்தது. கடல் நீர் வராமல் உப்பு ஏரிகளில் உப்பு குறைந்தது. உள்ளூர் மீனவர்கள் சாக்கடைத் தண்ணீரையே அளவாகக் குளங்களில் விட்டு மீன் வளர்த்தார்கள். அந்தக் குளங்களுக்கு இங்கே 'பேரி' என்று பெயர்.

1980களில் துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர், ஊர்க் கழிவு என்னதான் ஆகிறது என்று தேடிப் போனார். ஆழமில்லாத குளம், நல்ல வெயில், பாசி. கிருமிகள் சாகின்றன, பாசியை மீன் தின்கிறது, தண்ணீர் தெளிகிறது. மீனவர்கள்தான் அவருக்கு வாத்தியார். 2002ல் 12,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கோஷ் 2018ல் காலமானார்.

(இதைச் சொன்னதிலிருந்து வீட்டில் மீன் வாங்கும்போதெல்லாம் விசாரணைதான்!)

நாங்கள் குடியிருக்கும் சால்ட் லேக்கே 1960களில் அந்த ஏரிகளை ஆற்று வண்டலால் மேவி எழுப்பியது. பேங்கில் வீட்டுக் கடன் கோப்பு வந்தால் பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்ப்பேன். இப்போது கிழக்குப் பக்கத்து மனை என்றால் இன்னொன்றும் கேட்கிறேன்: "இது முன்னால் பேரியா?" வந்தவர்கள் பதில் சொல்லாமல் என் விலாசத்தைக் கேட்டுவிடுவார்களோ என்று ஒரு பயம்.