நில எடுப்பும் இழப்பீட்டு வழக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

சமணப் பள்ளிகளுக்குப் பள்ளிச்சந்தமாக நிலம் விட்ட மன்னரும் ஊராரும் அந்நிலத்தின் எல்லைகளைக் கல்லில் பொறித்து வைத்தனர். நிலத்திற்கு எல்லையே உயிர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவும் வழிவழியாக வேளாண்மையை நம்பி வந்தவையே. சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் அரசு நிலம் எடுக்கும் என்பதை இக்குடும்பத்தார் நன்கறிவர். அரசு குறித்த விலையை மறுத்து நீதிமன்றம் செல்லும் உரிமை எவ்வாறு உருப்பெற்றது என்பது அவ்வளவாக அறியப்படவில்லை.

1824ஆம் ஆண்டு வங்காளத்தில் இயற்றப்பட்ட ஒழுங்குமுறைச் சட்டமே ஆங்கிலேயர் ஆட்சியில் இத்துறையின் தொடக்கம். சென்னை மாகாணத்திற்கு 1852இல் தனிச் சட்டம் வந்தது. 1857இல் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் ஒரே சட்டம் ஏற்பட்டது. விலையில் உடன்பாடு எட்டப்படாவிடில் நடுவர்கள் தீர்ப்பளிப்பர், அத்தீர்ப்பே இறுதியானது. நடுவர்களின் திறமையின்மையும் நேர்மைக் குறைவும் அரசுக்கே தலைவலியாயின. எனவே 1870ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கை உரிமையியல் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. உடன்பாடு ஏற்படாதபோது வழக்கை நீதிமன்றத்திற்கு அனுப்பும் கடமை கலெக்டரைச் சார்ந்திருந்தது.

1894ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கடமையை மெல்ல இடம் மாற்றியது. கலெக்டர் தாமே விலையைத் தீர்மானித்துத் தீர்வம் வழங்குவார். அதை ஏற்காதவர் 18ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் மனுச் செய்தால் மட்டுமே வழக்கு நீதிமன்றம் செல்லும். தீர்வத்தின்போது உடனிருந்தவருக்கு ஆறு வாரங்களே கெடு. ஆட்சேபணை தெரிவிக்காமல் பணத்தைப் பெற்றுக்கொண்டவர் மனுச் செய்யும் உரிமையை இழந்தார். உரிமை கோரும் தொகையைத் தொடக்கத்திலேயே குறிப்பிடத் தவறியவருக்கு, தக்க காரணம் காட்டினாலன்றி, நீதிமன்றமும் கூடுதலாக எதுவும் வழங்க இயலாது. எழுத்தறியாத உழவர் நிறைந்த நாட்டில் இவ்விதிகள் யாருக்கு உதவின என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் இச்சட்டத்தின்கீழ் ஒரு நல்ல கோட்பாடு வளர்ந்தது. கலெக்டரின் தீர்வம் நீதித் தீர்ப்பன்று. அரசு தன் சார்பில் முன்வைக்கும் ஒரு விலையே என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1905இல் கூறியது. நீதிமன்றத்தின் முன் வருவது மேல்முறையீடு அன்று, புதிதாக நடைபெறும் விசாரணை என்று உச்சநீதிமன்றம் 1988இல் தெளிவுபடுத்தியது. தீர்வம் போதாது என்று காட்டும் பொறுப்பு மட்டும் நில உடைமையாளரையே சார்ந்தது. வாய்மொழி அங்கே செல்லாது. அருகிலுள்ள நிலங்களின் கிரயப் பத்திரங்கள், பாசன வசதி, சாலைக்கு உள்ள தொலைவு ஆகியவையே பேசும்.

இவ்வழக்குகளில் தலையாயது சென்னை மாகாணத்திலேயே எழுந்தது. விசாகப்பட்டினத் துறைமுகப் பணிகள் நடந்த காலத்தில், மலேரியா ஒழிப்புப் பணிகளுக்காக வைரிசெர்ல நாராயண கஜபதி ராஜுவின் நிலம் எடுக்கப்பட்டது. அந்நிலத்தில் நல்ல நீர் சுரக்கும் ஊற்று ஒன்று இருந்தது. துறைமுகத்திற்கோ குடிநீர் தேவை. ஊற்றுநீருக்கும் விலை வேண்டும் என்றார் ராஜு. அந்நீரை வாங்கக்கூடியது துறைமுக நிருவாகம் ஒன்றே என்னும்போது அதற்குச் சந்தை விலை ஏது என்பது எதிர்வாதம். சார்பு நீதிமன்றம் ராஜுவின் பக்கம் நின்றது. சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1939இல் பிரிவி கவுன்சில், வாங்குவோர் ஒருவரே ஆயினும் நிலத்தில் மறைந்துள்ள பயன்பாட்டிற்கு விலை உண்டு என்று தீர்த்தது. விருப்பமுள்ள விற்பவர் விருப்பமுள்ள வாங்குபவரிடம் பெறும் விலையே உரிய விலை என்னும் அளவுகோலும் அதில் விரித்துரைக்கப்பட்டது. இந்திய நீதிமன்றங்கள் இன்றும் இத்தீர்ப்பை எடுத்தாள்கின்றன. இலண்டன் வரை வழக்காடும் வசதி ஒரு ஜமீன்தாருக்கு இருந்தது. ஏழை உழவருக்கு ஏது?

அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது 1984ஆம் ஆண்டுத் திருத்தம். அதுவரை, ஒரே அறிவிக்கையின்கீழ் எடுக்கப்பட்ட இரு அண்டை வயல்களில், வழக்காடியவர் உயர்ந்த விலை பெறுவார். வழக்காடாதவர் பழைய விலையுடன் நிற்பார். புதிதாகச் சேர்க்கப்பட்ட 28அ பிரிவு, அண்டையார் பெற்ற நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி மூன்று மாதத்திற்குள் மனுச் செய்தால் மற்றவரும் அவ்விலையைக் கோரலாம் என்றது. சட்டத்தில் அறம் நுழைந்த இடம் இது என்று சொல்லத் தகும். ஆறுதல் தொகையும் அப்போதுதான் நூற்றுக்கு 15இலிருந்து 30 ஆயிற்று.

1894ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றிருபது ஆண்டுகள் ஆண்டு முடிந்தது. 2014 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் ஆறுதல் தொகையை நூற்றுக்கு நூறாக்கியது. ஆட்சியர் வழியாகவே மனுச் செய்யும் முறையும் ஆறு வாரக் கெடுவும் 64ஆம் பிரிவில் தொடர்கின்றன. தனி ஆணையத்தின் தீர்ப்பின்மேல் 60 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

தேசிய நெடுஞ்சாலைக்காக எடுக்கப்படும் நிலத்திற்கு வழி வேறு. அங்கே முதல் முறையீடு நீதிமன்றத்திற்கன்று, மத்திய அரசு நியமிக்கும் நடுவருக்கே. பல மாவட்டங்களில் ஆட்சியரே அந்த நடுவர். 1857ஆம் ஆண்டின் நடுவர் முறை வேறு உடையில் திரும்பியது போலும்! நடுவர் தந்த விலையை நீதிமன்றம் தானே உயர்த்த முடியாது, ரத்து செய்ய மட்டுமே முடியும் என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்குகளில் உச்சநீதிமன்றம் 2021இல் கூறியது. நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவருக்கும் ஆறுதல் தொகையும் வட்டியும் உண்டு என்று 2019இலேயே அது தீர்த்திருந்தது. நடுவர் தீர்ப்பை வரையறுக்கப்பட்ட அளவில் நீதிமன்றம் திருத்தலாம் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2025 ஏப்ரலில் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது.