எழுத்தும் காணியும்: மாத்தளை மலைப் பெண்கள்

மாத்தளையின் வரலாறு 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியோடு பிணைத்தே பேசப்படுகின்றது. கொங்காலேகொட பண்டாவும் புரன் அப்புவும் அதன் நாயகர்கள். அவர்தம் தியாகத்தைக் குறைத்து மதிப்பிடுவார் எவருமிலர். ஆயினும் அக்காலத்தில் இம்மலைச்சாரலில் உழைத்த பெண்களைப் பற்றி நமது பாடநூல்களில் தேடுவோமாயின், மௌனமே விடையாகக் கிடைக்கின்றது. இம்மௌனம் இயற்கையானதன்று. எழுத்து யார் கையில் இருந்தது, காணி யார் கைக்குப் போயிற்று என்னும் இரு வினாக்களையும் சேர்த்துக் கேட்டால் அதன் காரணம் விளங்கும்.

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. ஒரு தலைமுறைக்குள் கோப்பிப் பயிர் மலைநாட்டின் காடுகளை விழுங்கத் தொடங்கியது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காட்டையும் தரிசையும் முடிக்குரியவை எனக் கொண்டது. சேனை நிலத்துக்கு உரிமை கோரும் கண்டிக் குடியானவர் சன்னஸ் பட்டயமோ, வரி செலுத்திய சான்றோ காட்ட வேண்டுமென்றது. வழிவழியாக வந்த உரிமைக்கு ஏது ஏடு? ஏட்டில் இல்லாதது உலகிலும் இல்லாததாயிற்று. அவ்வாறு முடியின் உடைமையான காணியை அரசின் உயர் அலுவலர் பலர் தாமே வாங்கித் தோட்டத் துரைமார் ஆயினர்.

இதனால் முதலில் தாக்குண்டவள் சிங்களக் குடியானவப் பெண். சேனையில் குரக்கன் விதைத்து, களை பறித்து, கதிர் கொய்தவள் அவள். கண்டிய வழக்கில் அவளுக்கென ஓர் இடமும் இருந்தது. பின்ன மணம் புரிந்து பிறந்தகத்திலேயே வாழ்பவள் தந்தையின் காணியில் பங்குடையவள். 1859 ஆம் ஆண்டின் திருமணச் சட்டமோ பதிவு பெறாத மணத்தைச் செல்லாததாக்கியது. காணியைப் போலவே இல்லறமும் அரசாங்க ஏட்டைச் சார்ந்து நிற்க நேர்ந்தது. 1848 இல் கிளர்ச்சிக்காரர் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தமை வெறும் ஆத்திரச் செயலன்று. ஏட்டினால் இழந்தவர்கள் ஏட்டின் மீதே சினங்கொண்டனர்.

இரண்டாமவள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் கடந்து, ஏறத்தாழ 150 மைல் நடந்தே மாத்தளையை அடைந்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி. பேதிக்கும் அம்மைக்கும் இரையாகி வழியில் மடிந்தோர் பலர். கோப்பிக் காலத்தில் பழம் பறித்த பின் ஊர் திரும்பியவர்களே மிகுதி. அவருள்ளும் பெண்கள் குறைவு. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. அவளைக் குடியேறியவள் என்கிறோம். ஆனால் குடியேறிய மண்ணில் ஒரு சாண் நிலமும் அவளுக்கு உரியதன்று. கங்காணியின் கடன் கணக்கில் மட்டுமே அவள் பெயர் எழுத்தேறியது.

மூன்றாமவளே எழுதத் தெரிந்தவள்: துரைசானியும், அவள் வீட்டு விருந்தினளாய் வந்த பயணியும். கான்ஸ்டன்ஸ் கார்டன் கம்மிங் என்னும் மாது 1892 இல் வெளியிட்ட நூலுக்கு 'இலங்கையில் இரண்டு இன்ப ஆண்டுகள்' என்ற பொருள்படப் பெயரிட்டார். 1875 இல் இலங்கை வந்து 1879 இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கேமரன், உழைக்கும் மக்களைப் புகைப்படமெடுத்தார். அவர் கணவரோ இராஜகாரியத்தை ஒழிக்கப் பரிந்துரைத்த ஆணைக்குழுவில் பணியாற்றியவர். கோப்பித் தோட்ட உடைமையாளரும் ஆவார். அம்மையாரின் கலைத்திறன் உயர்ந்ததே. ஆயினும் படத்திலுள்ளோர் 'களுத்துறைக் குடியானவர் குழு' என்றே குறிக்கப்பட்டனர். முகம் நமக்குக் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

கனடாவிலும் இந்நிலை இருந்தது. அங்கே குடியேறிய சூசன்னா மூடி தம் காட்டு வாழ்க்கையை 1852 இல் நூலாக்கினார். ஆனால் மோஹாக் குலத்துத் தந்தைக்குப் பிறந்த பாலின் ஜான்சன் 1895 இல் தம் கவிதைத் தொகுதியை வெளியிட்டு, அம்மண்ணின் மக்கள் குரலையும் அச்சேற்றினார். நம் மலையகத்தில் அத்தகைய மறுமொழி பிறக்க நெடுங்காலம் சென்றது. கும்மி பெண்கள் கைகொட்டிப் பாடும் வடிவம். அதையே எடுத்து 1869 இல் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' இயற்றியவர் ஆபிரகாம் ஜோசப் என்னும் ஆடவர். அதில் ஒலித்ததும் தோட்ட உடைமையாளரின் நோக்கே. 1940 இல் மீனாட்சியம்மாள் நடேசய்யர் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாடல் நூலை வெளியிட்டார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964 இல் தோட்டப் பெண்ணை நாவலின் நடுவே நிறுத்தியது. இவற்றுக்கெல்லாம் முன்னரே தாலாட்டும் ஒப்பாரியும் லயத்தில் வாழ்ந்தன. வயலில் நாற்று நடும் சிங்களப் பெண்களின் கவியும் வாழ்ந்தது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்திராவிடின் மலையகப் பாடல்கள் பலவும் மறைந்தே போயிருக்கும்.

கிராமத்துப் பெண்ணும் லயத்துப் பெண்ணும் ஒரே ஓடையின் மேற்கரையிலும் கீழ்க்கரையிலும் நீர் மொண்டவர்கள். ஒருத்தி காணியை இழந்தாள். மற்றவள் காணியே இல்லாதிருந்தாள். இருவரையும் வறியராக்கிய சட்டம் ஒன்றே. எனினும் காணி பறித்தவள் லயத்துப் பெண்ணே என்ற பொய் தலைமுறைகளாக ஊட்டப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அப்பொய்க்கு அரச முத்திரை குத்தியது. 1983 ஜூலையில் மாத்தளை நகரும் தீயில் வெந்தது. நாடற்றோராய் எஞ்சியவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. இடைப்பட்ட 55 ஆண்டுகளின் கண்ணீருக்கு யார் கணக்கெழுதினர்?

ஆகவே மலைநாட்டுப் பாடசாலைகளில் வரலாறு கற்பிப்போர்க்கு ஒரு கடமையுண்டு. கச்சேரி ஏட்டையும் துரைசானியின் நூலையும் படிப்போம். அவை சொல்லாததையும் கேட்போம். சிங்களக் கிராமத்து முதியவளின் கவியும் தோட்டத்து முதியவளின் ஒப்பாரியும் ஒரே குறிப்பேட்டில், இரு மொழிகளிலும் அடுத்தடுத்து எழுதப்படட்டும். அவற்றைச் சேர்த்துப் படிக்கும் பிள்ளைகளிடம், ஒருத்தியின் துயருக்கு மற்றவளே காரணம் என்று சொல்லி ஏய்த்தல் எளிதன்று.